பாதி மூடிய மடை

வைகை என்றால் மணலும் கருவேல முள்ளும்தான் என்று ஆகிவிட்ட காலத்தில், பரமக்குடியில் இரண்டு சகலைகள் வாழ்ந்துவந்தார்கள். பல வருடங்களாக ஒருவரோடு ஒருவர் பேச்சில்லை. ஆனால் வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இருவரும் அடுத்தடுத்த கட்டிலில் கையோடு கை சேர்த்துக் கிடந்தார்கள். ஒருவருடைய உயிர் மற்றவருடைய கையில் இருந்தது. இதை உவமையாகச் சொல்லவில்லை. உள்ளபடியே அப்படித்தான் இருந்தது.

மூத்தவர் கோட்டைச்சாமி. சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். இளையவர் பூமிநாதன். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். அக்காள் மங்களேஸ்வரியை மூத்தவரும் தங்கை நாகவள்ளியை இளையவரும் மணந்திருந்தார்கள்.

பேச்சு நின்றது மாமனார் இறந்த அன்று. மருமகன்கள் இருவரும் கோடித்துணி எடுத்து வந்தார்கள். மூத்த மருமகனின் கோடி முறைப்படி உடம்பின்மேல் விழுந்தது. அந்த நேரத்தில் பாடை கட்டத் துணி போதவில்லை என்று ஒருவர் கேட்க, ஓரமாகக் கிடந்த வேட்டியைக் காட்டி, "அதக் கிழிச்சுக் கட்டுங்கப்பா" என்றார் கோட்டைச்சாமி. கிழிபட்டது இளைய மருமகன் கொண்டுவந்த கோடி. பாடைக்கென்று வாங்கிய துணி என்று நினைத்துச் சொல்லிவிட்டதாகப் பிற்பாடு அவர் பலரிடம் விளக்கினார். பூமிநாதனிடம் மட்டும் விளக்கவில்லை. பூமிநாதனும் கேட்கவில்லை. கேட்காத மன்னிப்பும் கொடுக்காத மன்னிப்புமாக நான்கு வருடம் ஓடியது.

அதன்பின் கோட்டைச்சாமியின் சிறுநீரகங்கள் இரண்டும் ஓய்ந்தன. முந்தைய தலைமுறையாக இருந்தால் இயந்திரத்தில் விட்டு ரத்தத்தைக் கழுவியிருப்பார்கள். ஒருமுறை கழுவ இருபது குடம் தண்ணீர் வேண்டும். குடிப்பதற்கே ஆளுக்கு ஒரு குடம் என்று அளந்து ஊற்றும் மாவட்டத்தில் அதற்கு எங்கே போவது? இயந்திரங்கள் உறை போட்டு மூடப்பட்டன. அவற்றின் இடத்தில் வந்தது இணைப்பு. நோயாளியின் ரத்தமும் நலமாக உள்ள ஒருவரின் ரத்தமும் ஒரு மெல்லிய சவ்வின் இரு பக்கமும் ஓடும். ரத்தம் ரத்தத்தோடு கலக்காது. கழிவு மட்டும் சவ்வைக் கடந்து நலமானவரிடம் போய்ச் சேரும். அவருடைய சிறுநீரகங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து உழைக்கும். தண்ணீரே தேவையில்லை. ஒரு மனிதன் போதும்.

அந்த மனிதன் கொடுக்கவேண்டியதும் ஒன்று உண்டு. சாதாரண நரம்பில் ஊசி குத்தினால் வரும் ரத்தம் இதற்குப் போதாது; வெள்ளமாக வரவேண்டும். அதனால் நோயாளியின் கையிலும் கொடுப்பவர் கையிலும் முழங்கைக்குக் கீழே தமனியையும் சிரையையும் நேராகச் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். உடம்பு தானாக ஒருபோதும் போட்டுக்கொள்ளாத குறுக்குவழி அது. சில வாரங்களில் அந்த இடத்துச் சிரை கயிறு போலப் புடைத்துவிடும். விரல் வைத்தால் உள்ளே தேனீ அடைபட்டதுபோல ஓயாமல் அதிரும்.

உறவில் இருபத்து மூன்று பேரைச் சோதித்தார்கள். பொருந்தியது பூமிநாதன் ஒருவருக்குத்தான். அன்று பிற்பகல் மங்களேஸ்வரி அவர் கடைக்கு வந்து, வாசலில் நின்று, ஒன்றும் சொல்லாமல் செம்புக் கம்பிச் சுருளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூமிநாதன் கையிலிருந்த மோட்டாரை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"எந்தக் கைன்னு கேட்டுட்டு வாங்க மதினி," என்றார்.

இடது கை என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து ஐந்து வருடம். இணைப்பு மையத்தில் இருவருக்கும் நடுவே சவ்வுப் பெட்டி இருக்கும். பெட்டியருகே சகீனா என்ற செவிலி இருப்பாள். சகலைகள் பேசிக்கொள்ளவேண்டியதை அவள் வழியாகத்தான் பேசினார்கள். மின்விசிறியை அவருக்கு வேண்டுமானால் குறைத்துவிடச் சொல் என்பார் ஒருவர். குளிர்கிறவர் போர்த்திக்கொள்ளலாமே என்பார் மற்றவர். இரண்டடி தூரத்தில் கிடக்கும் மனிதனுக்குச் சொல்வதையெல்லாம் சகீனா முகம் மாறாமல் திருப்பிச் சொல்வாள். நேரம் முடிந்து எழுந்ததும் பூமிநாதன் கழிப்பறைக்குப் போகிற வழியில் மாதம் ஒருமுறையாவது ஒரே செய்தியை விட்டுச்செல்வார்.

"சிஸ்டர், அவுகளுக்கும் சேத்து நான்தான் போறேன்னு சொல்லுங்க."

"சொல்லிட்டாங்க சார்," என்பாள் சகீனா மற்றக் கட்டிலைப் பார்த்து. கோட்டைச்சாமி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் சிரித்தாரா சினந்தாரா என்பது சுவருக்கு மட்டுமே தெரியும்.

ஐந்தாம் வருடம் மாசி மாதத்தில் பூமிநாதனின் இடது கை விரல்கள் சில்லிடத் தொடங்கின. மெல்லிய கம்பியைச் சுற்றும்போது எத்தனையாவது சுற்று என்பது அவருக்கு விரலிலேயே தெரியும். அது தெரியாமல் போயிற்று. பிறகு மாடிப்படியில் மூச்சு நின்று நின்று வந்தது. செருப்பின் வார் கணுக்காலில் பள்ளம் பதித்தது. தலையணை ஒன்று இரண்டானபோது நாகவள்ளி கவனித்தாள். கேட்டதற்குக் கழுத்து வலி என்றார்.

மையத்து மருத்துவர் ஜெசிந்தா அவருடைய மார்பைப் படமெடுத்துப் பார்த்தார். பின்பு அவர் கையை மேசைமேல் நீட்டச் சொல்லி, நாடியை எண்ணினார். தொண்ணூற்றெட்டு. மற்றக் கையின் கட்டைவிரலால் அதிர்கிற இடத்தை அழுத்தி மூடிக்கொண்டு மறுபடி எண்ணினார். எண்பத்திரண்டு. அழுத்தியிருந்த அந்த ஒரு நிமிடம், நெஞ்சில் உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து போனதுபோல இருந்தது பூமிநாதனுக்கு. விரலை எடுத்ததும் அந்த யாரோ திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார்.

"உங்க ஊர்க் கண்மாய வச்சே சொல்றேன்," என்றார் மருத்துவர். "தமனி வாய்க்கால். சிரை வடிகால். தண்ணி வாய்க்கால்ல வந்து, வயல்ல பரவி, அப்புறம்தான் வடிகாலுக்குப் போகணும். நாங்க நடுவுல மடைய வெட்டிட்டோம். தண்ணி வயலுக்குப் போகாம நேரா வடிகால்ல விழுகுது. அதனாலதான் விரல் குளிருது. ஆனா வயலுக்கும் தண்ணி குடுத்தாகணுமே? அதுக்காக இதயம் ரெண்டு பங்கு இறைக்குது."

பூமிநாதன் தலையசைத்தார். அவருக்குக் கண்மாயைவிட மோட்டார் நன்றாகத் தெரியும். டெலிவரி குழாய் உடைந்து தண்ணீர் தடையில்லாமல் கொட்டினால், பார்க்கிறவர்கள் மோட்டார் சுகமாக ஓடுவதாக நினைப்பார்கள். உண்மையில் அப்போதுதான் அது அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும். அப்படிக் கருகிய காயில்களைத்தான் அவர் முப்பது வருடமாகப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"எம்புட்டு நாள் தாங்கும்?" என்று கேட்டார்.

"மூடிட்டா இதயம் பழையபடி சுருங்க வாய்ப்பு இருக்கு. மூடலைன்னா இந்த வருசம் தாண்டாது."

மூடுவதில் ஒரு தடை இருந்தது. இணைப்பு வந்த புதிதில், கொடுக்கிறவர்கள் சிலர் மூடிவிடுவேன் மூடிவிடுவேன் என்று நோயாளிகளை மிரட்டிக் காரியம் சாதித்தார்கள். அதைத் தடுக்கச் சட்டம் வந்தது. கொடுப்பவரின் கையில் உள்ள இணைப்பில் கை வைப்பதென்றால் பெறுபவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நல்ல நோக்கத்தோடு வந்த சட்டம்தான். அதன் கீழ் பூமிநாதனின் இடது கை கோட்டைச்சாமியின் அனுபவத்தில் உள்ள நிலம் போல ஆயிற்று. சம்மதம் கொடுக்கும் பெறுபவருக்கு வேறு கை கிடைக்க இரண்டு வருடக் காத்திருப்பு. கோட்டைச்சாமியால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்க முடியாது.

ஆக, பூமிநாதன் கேட்கவேண்டியது ஒரு கையெழுத்து. அவர் சகலை கொடுக்கவேண்டியது உயிர்.

மூன்று வாரம் அவர் கேட்கவில்லை. வழக்கம்போலப் போனார், படுத்தார், கையை நீட்டினார். விட்டத்தைப் பார்த்துக்கொண்டே, அந்த மனிதர்மேல் உள்ள கோபத்தையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வைத்தார். கிழிந்த கோடி நினைவுக்கு வந்தது. சட்டம் நினைவுக்கு வந்தது. தன் கை தனக்கில்லை என்பதை ஐந்து வருடமாக நாகவள்ளியிடம் சொல்லிச் சொல்லி அது ஒரு வகையில் அவருக்குத் துணையாகவே ஆகிவிட்டிருந்தது.

நாகவள்ளிக்குத் தெரிந்தது மருத்துவ அட்டையின் மூலம். சட்டைப் பையில் இருந்ததைத் துவைக்க எடுக்கும்போது படித்துவிட்டாள். அவள் அழவில்லை. அட்டையை அவர் முன்னால் வைத்தாள்.

"எனக்கு யாருகிட்டயும் போயிக் கேக்க வழியில்லங்க," என்றாள். "எங்க அக்கா தாலியக் கழட்டிக் குடுன்னு எங்க அக்காகிட்டயே போயிக் கேப்பேனா? நீங்களாச்சும் சொல்லுங்க, நான் யாருக்குன்னு சாமி கும்பிட?"

பூமிநாதன் அட்டையை எடுத்து மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டார். மறுநாள் மையத்திலிருந்து ஜெசிந்தா தொலைபேசியில் அழைத்து அவரை வரச்சொன்னார்.

அவர் இந்த மையத்துக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. சம்மதப் படிவம் தயார் செய்யப் பழைய கோப்பை எடுத்தபோது, அடியில் அரக்கு முத்திரையிட்ட உறை ஒன்று இருந்தது. மேலே 'மூடவேண்டிய நிலை வரும்போது மட்டும் மருத்துவர் பிரிக்கவும்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்த காகிதத்தை அவர் பூமிநாதனின் முன்னால் வைத்தார். அச்சடித்ததுபோன்ற அந்தக் கையெழுத்து பரமக்குடி வட்டாரம் முழுவதும் அறிந்தது.

'கோட்டைச்சாமியாகிய நான், சுயபுத்தியுடனும் முழுச் சம்மதத்துடனும், பிறர் தூண்டுதல் ஏதுமின்றி எழுதிக்கொடுத்த பத்திரம். என் மனைவியின் தங்கை கணவர் பூமிநாதன் அவர்களின் இடது கையில் எனக்காக ஏற்படுத்திய இணைப்பு, அவர் உடல்நலத்துக்குக் கேடு என மருத்துவர் கருதும் அன்றே மூடப்படலாம். அதற்கு என்னைக் கேட்கவேண்டியதில்லை. அதனால் எனக்கு நேரும் எதற்கும் அவரோ அவர் வாரிசுகளோ பொறுப்பல்ல.'

பூமிநாதன் தேதியைப் பார்த்தார். முதன்முதலாக இருவரையும் இணைத்த நாள்.

செக்கு மாடு ஒன்று இருந்ததாம். பூட்டியவனைச் சபித்துக்கொண்டே சுற்றிச் சுற்றி வந்ததாம். ஒருநாள் சுற்று நடுவில் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தால், கழுத்தில் நுகமே இல்லை. முதல் நாளே அவிழ்த்து வைத்திருந்தார்கள். மாடு ஓடவில்லை. இத்தனை நாள் யாரை வைதோம் என்று விளங்காமல் அங்கேயே நின்றதாம். பூமிநாதனும் அந்தக் காகிதத்தின் முன்னால் அப்படித்தான் வெகுநேரம் இருந்தார்.

"அடுத்த புதன்கிழமை மூடிரலாம்," என்றார் ஜெசிந்தா. "பெரிய வேலை இல்ல."

பூமிநாதனின் கண் காகிதத்தில் இருந்து எழவில்லை. "டாக்டரம்மா, குழாய் உடைஞ்சு மோட்டார் சூடேறுச்சுன்னா, நாங்க உடனே மோட்டார நிறுத்திர மாட்டோம். டெலிவரி வால்வப் பாதி திருகி வைப்போம். தண்ணி கம்மியா வரும். ஆனா மோட்டாருக்கு மூச்சு கிடைக்கும். இதுல அப்படிச் செய்ய முடியாதா?"

முடியும் என்றார் ஜெசிந்தா. சிரையைச் சுற்றி ஒரு பட்டை போட்டு வாயைச் சுருக்கலாம். அது பழைய முறைதான். ஆனால் ரத்தம் குறைவாக வந்தால் நான்கு மணி நேர வேலை ஏழு, ஏழரை மணி நேரம் ஆகும். வாரத்தில் மூன்று நாள் முழுதாகப் போய்விடும். இதயம் சுருங்கும் என்பதற்கும் உறுதி இல்லை. இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று பூமிநாதன் கேட்கவில்லை. மருத்துவரே சொன்னார்.

"இங்க படுக்கிறவங்க எல்லாரும் எப்ப முடியும்னுதான் கேட்டிருக்காங்க. இன்னும் மூணு மணி நேரம் சேத்துக் குடுங்கன்னு யாரும் கேட்டதில்ல."

சுருக்குவதும் இணைப்பில் கை வைப்பதுதான். கோட்டைச்சாமியின் பத்திரம் மூடுவதற்கு மட்டுமே சம்மதம் சொன்னது. சுருக்குவதற்கு அவர் புதிதாகக் கையெழுத்திட வேண்டும்.

அன்று மாலை பூமிநாதன் கோட்டைச்சாமியின் வீட்டுப் படியேறினார். ஐந்து படிகள்தான், இரண்டு இடத்தில் நின்றார். மங்களேஸ்வரி ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு, சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். இரண்டு கட்டிலுக்கு நடுவே இருந்த செவிலி இங்கே இல்லை. யார் முதலில் பேசுவது என்பதில் கொஞ்ச நேரம் போயிற்று.

"எழுதினவுக ஏன்ணே சொல்லல?" என்றார் பூமிநாதன்.

கோட்டைச்சாமி எதைப்பற்றி என்று கேட்கவில்லை. தன் வேட்டி நுனியைச் சரிசெய்தார். "எழுதறதுக்குத் தைரியம் இருந்துச்சு தம்பி. காட்டறதுக்கு இல்ல. போகலாம்னு தெரிஞ்சா நீ போயிருவன்னு பயம். அவ்வளவு பண்ணினவன்தானே நான் உனக்கு." பிறகு மெதுவாகச் சேர்த்தார். "எப்ப மூடுறாக?"

மூடவில்லை, சுருக்கப்போகிறோம் என்று பூமிநாதன் விளக்கினார். வால்வு, பட்டை, ஏழரை மணி நேரம் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்லக் கோட்டைச்சாமியின் முகம் இறுகிக்கொண்டே போயிற்று.

"முடியாது," என்றார். "மூடச் சொல்லி எழுதினேன். பாதியத் தெறந்து வையின்னு எழுதல. அஞ்சு வருசமா உன் நெஞ்ச நான் அரிச்சுத் தின்னுருக்கேன். தெரிஞ்சபிறகும் இலை போட்டு உக்காரச் சொல்றியா? போட மாட்டேன் கையெழுத்து."

"நீங்க போடலைன்னா நான் மூடவும் மாட்டேன்."

"என்ன மெரட்டுறியா?"

"ஆமா. அதுக்குத்தான் சட்டம் போட்டாக. மேல போயிச் சொல்லுங்க."

கதவுக்குப் பின்னால் மங்களேஸ்வரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். விசும்பலா வேறு ஏதுமா என்று சொல்ல முடியாத ஓர் ஒலி கேட்டது.

பூமிநாதனுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சு அடங்கும்வரை காத்திருந்து பேசினார். "அண்ணே, அஞ்சு வருசம் நான் கைய நீட்டுனது சட்டத்துக்குப் பயந்து. மதினி மொகத்துக்காக. ஊருக்காக. உங்களுக்குன்னு ஒருநாளும் நீட்டல. இப்பத்தான் என் கை எனக்குத் திரும்பி வந்துருக்கு. இனி நீட்டுனாத்தான் அது நான் நீட்டுறது. அத வேண்டாங்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கான்னு யோசிச்சுச் சொல்லுங்க."

கோட்டைச்சாமி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த இரண்டு முறையும் இணைப்பு மையத்தில் ஒரு சொல்கூடப் புழங்கவில்லை. சகீனாவுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. பழைய மௌனம் திரும்பிவிட்டதாக அவள் நினைத்தாள். இது வேறு மௌனம். முன்பு ஒருவரையொருவர் தள்ளிவைத்துக் கிடந்தவர்கள், இப்போது ஒரே பாரத்தின் இரு முனையைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று நின்றார்கள்.

வீட்டில் நாகவள்ளி தன் முடிவைச் சொல்லிவிட்டாள். சுருக்கிய பிறகு மூன்று மாதம் பார்ப்பதாகவும், அதற்குள் இதயத்தின் வீக்கம் இறங்கவில்லை என்றால் தானே போய்க் கையை மூடச்சொல்லிக் கூட்டிவந்துவிடப் போவதாகவும் சொன்னாள். அக்காளிடமும் அதையே நேரில் போய்ச் சொல்லியிருந்தாள். அக்காள் மறுபேச்சுப் பேசாமல் தங்கையின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாளாம்.

செவ்வாய்க்கிழமை பூமிநாதன் கடையின் ரசீதுப் புத்தகத்தில் ஒரு தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில், சுருக்குவதற்குத் தாமே ஒரு பத்திரம் எழுதினார். வாழ்நாளில் அவர் எழுதிய முதல் பத்திரம். சகலையின் காகிதத்தில் படித்த சொற்கள் நினைவில் இருந்தன, இடம்தான் மாறிப்போயிருந்தது. சுயபுத்தி இருக்கவேண்டிய இடத்தில் வாரிசுகள் வந்திருந்தார்கள். அதைக் கொண்டுபோய்க் கோட்டைச்சாமியின் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்தார்.

கோட்டைச்சாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். முதல் வரியிலேயே அவர் நெற்றி சுருங்கியது. சொல்லப்பட்ட பொருளுக்காக அல்ல, சொல்லியிருந்த விதத்துக்காக. பேனா தானாகவே கைக்கு வந்துவிட்டது.

"இன்னார் மகன்னு போடாம என்ன பத்திரம் இது?" என்று கேட்டுக்கொண்டே எழுதிச் சேர்த்தார். "எந்தக் கைன்னு போடல. நாளைக்கு வலது கையப் போயிச் சுருக்கி வச்சா என்ன பண்ணுவ?" என்று அதையும் சேர்த்தார். இரண்டு வரிகளை அடித்தார். ஒன்றை மேலே ஏற்றினார். 'பூமிநாதனாகிய நான் என் சொந்த விருப்பத்தால்' என்று இருந்த இடத்துக்கு வந்தபோது மட்டும் பேனா அதைத் தொடாமல் தாண்டிப்போயிற்று.

கடைசியில் ஓர் இடத்தில் நின்றார். "கால அளவு போடணும். எத்தன வருசத்துக்குன்னு இல்லாத ஒப்பந்தம் செல்லாது."

"எனக்குத் தெரிஞ்சா போட மாட்டேனா?" என்றார் பூமிநாதன். "என் நெஞ்சுக்குத் தெரியுமா, உங்க உடம்புக்குத் தெரியுமா?"

கோட்டைச்சாமி 'கால அளவு' என்று எழுதி, அதன் எதிரே இரண்டு புள்ளி வைத்தார். பத்திரத்தில் காலி இடம் விடுவது அவர் தொழிலில் பாவம். எழுத ஒன்றும் இல்லையென்றால் குறுக்கே ஒரு கோடு இழுத்து அடைத்துவிடவேண்டும். இல்லாவிட்டால் பின்னால் யாராவது தங்களுக்கு வேண்டியதை நுழைத்துவிடுவார்கள். நாற்பது வருடத்தில் அவர் அடைக்காமல் விட்ட இடம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கை இப்போதும் கோடு இழுக்கத்தான் போயிற்று. தாளின்மேல் சற்று நேரம் நின்றது. பிறகு இழுக்காமலே கீழே இறங்கிக் கையெழுத்திட்டது.

புதன்கிழமை மடை பாதி மூடப்பட்டது. அந்தக் காகிதம் மையத்துக் கோப்பில் இருக்கிறது. நாகவள்ளி வைத்த மூன்று மாதக் கெடு இதற்குள் மூன்று முறை கழிந்துவிட்டது; கையை மூடச்சொல்லி அவள் வரவில்லை. 'கால அளவு' என்ற சொல்லுக்கு எதிரே, ஒரு விரல் நீளத்துக்கு, அந்த இடம் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.